நாலு பங்காளியும் ஒரு கிளட்சும்

பொய்யா? நானா பொய் சொல்றேன்? ஏனுங் டீச்சரு, மாடிக்குக் குடி வந்து முழுசா ஒரு மாசம் ஆகலீங்க, அதுக்குள்ள என்ற வாய அளந்து போட்டீங்களே! ஒரு காரை நாலு பேரு ஓட்டுனாங்கன்னா அப்படிச் சிரிக்கறீங்க. மாத்தி மாத்தி இல்லீங்க. ஒரே நேரத்துல, நாலு பேரும். நான் யாரோ சொல்லிக் கேட்டது இல்ல. அந்தக் காருக்குள்ள முறுக்குத் தூக்கோட உக்காந்து போனவ நான். என்ற மருமக பூவாத்தா போட்ட காப்பி, குடிங்க, ஆறுது. சொல்றேன்.

எதுத்த வூட்டு நாச்சிமுத்து இருக்கறானல்ல, எனக்கு மகன் முறை. அவன், ஆறுக்குட்டி, சென்னியப்பன், தீர்த்தகிரி, நாலு பேரும் பங்காளிக. ஒரே கெணத்துல ஆளுக்குக் கால் பங்கு. திங்கக்கெழம ஒருத்தன் தண்ணி பாச்சுனா செவ்வாக்கெழம இன்னொருத்தன். அடுத்தவன் முறையில மோட்டார் சுவிச்சத் தொட்டா அன்னைக்கு ஊரே கூடிரும். அவனுங்க மாமன் ஒருத்தரு பழைய சின்னக் காரு ஒண்ண நாலு பேருக்கும் பொதுவாக் குடுத்தாரு. குடுக்கறப்ப, "கெணத்த எப்படி வெச்சிருக்கறீங்களோ அப்படியே இதையும் வெச்சுக்குங்கடா. அவனவன் பங்க அவனவன் பாருங்க. அடுத்தவன் பங்கத் தொடாதீங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போனாரு.

ஆளுக்கு ஒரு நாளு ஓட்டுங்கன்னுதானுங்க அவரு சொன்னது. இவனுங்க மூணு நாளு உக்காந்து பேசி, காரையே பிரிச்சுட்டானுங்க. ஸ்டியரிங் நாச்சிமுத்துக்கு. கிளட்சு ஆறுக்குட்டிக்கு. கியரு சென்னியப்பனுக்கு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் தீர்த்தகிரிக்கு. "அவனுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"ன்னு ஆறுக்குட்டி துண்ட ஒதறிட்டு எந்திரிக்க, ஹாரன அவனுக்குக் குடுத்து உக்கார வெச்சாங்க.

எப்படி உக்காருவாங்கன்னா, டிரைவர் சீட்டுல நாச்சிமுத்து சம்மணம் போட்டு உக்காந்துக்குவான். கீழ இருக்கறது எதுவும் அவன் பங்கு இல்லியே, கால எதுக்குத் தொங்கப் போடறது? இடது பக்கம் ஆறுக்குட்டி. ஒத்தக் கால நீட்டி கிளட்சு மேல வெச்சுக்குவான். பின்சீட்டுல சென்னியப்பன், நடுவுல குனிஞ்சு கியரப் புடிச்சுக்குவான். அவன் பக்கத்துல தீர்த்தகிரி, கதவோரமா ஒரு மூங்கில் தடிய உள்ள வுட்டு ஆக்சிலேட்டர அமுக்குவான். பிரேக்கு வேணும்னா தடிய எடுத்து அதுல வெப்பான். பழகிட்டானுங்க டீச்சரு. சந்தைக்குப் போயி தக்காளி நசுங்காமக் கொண்டாந்திருக்கறாங்க.

இப்படியே இருந்திருந்தா தொல்லையில்ல. காரு மெதுவாப் போகுதுன்னு சொல்லி அதுக்கு எங்கியோ ஒரு பெரிய காரு எஞ்சினக் கொண்டாந்து வெச்சானுங்க. அகலமா டயரு. பின்னாடி சொம்பு மொத்தத்துல ஒரு சைலன்சரு. அத ஸ்டார்ட் பண்ணுன அன்னைக்கு என்ற கருங்கோழி கூரை மேல ஏறுனதுதான், நாலு நாளு முட்டையே வெக்கல. அந்தக் கோழி சாதாரணக் கோழி இல்லீங்க, அது எனக்கு எப்படி வந்துச்சுன்னா... சரி, அது அப்பறம்.

நாச்சிமுத்துக்குப் பொண்ணு பாத்தோம். கரட்டுமேட்டுல, லாரி டிரைவரு ராக்கியப்பன் மக தமயந்தி. வூடு மேட்டு உச்சியில. கீழ இருந்து ஒரே ஏத்தம், ஒரு கிலோமீட்டரு, செவுத்துல ஏறற மாதிரி. பொண்ணு பாக்கப் போனப்ப காரு பாதி மேடு ஏறுச்சு. அதுக்கு மேல எஞ்சின் ஊளையிடுது, கருகுன நாத்தம் அடிக்குது, காரு மட்டும் மெல்லமாப் பின்னாடி போகுது. மேல நின்னு ஒறம்பரைக, சொந்தபந்தம் அத்தன பேரும் பாக்கறாங்க. பத்தடி பின்னாடி, இருபதடி பின்னாடி, போயே போயிருச்சு. கீழ புளியமரத்துக்கிட்டப் போயி நின்னுச்சு.

நடந்து மேல போனோம். ராக்கியப்பன் மீசையத் தடவிட்டே சொன்னாரு: "நான் முப்பது வருசமா மலைப் பாதையில லோடு ஏத்துனவன். என்ற வூட்டு மேட்டுல ஏறாத மாப்பிள்ளைக்குப் பொண்ணக் குடுத்தா என்னைய டிரைவருன்னு எவனும் மதிக்கமாட்டான். வர்ற வெள்ளிக்கெழம பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள மாப்பிள்ளை காருலயே மேல வந்து நிக்கோணும். இல்லீன்னா உடுமலைப் பக்கம் ஒரு பையன் இருக்கறான், ஜீப்பு வெச்சிருக்கறான்."

நாச்சிமுத்து மொகம் செத்துப்போச்சு. அந்தப் புள்ள இவனப் பாத்து ஒருக்கா சிரிச்சிருந்துச்சு, அவ்வளவுதான், இவன் அதையே நெனச்சுட்டு ரெண்டு நாளு சோறு திங்கல.

திங்கக்கெழம கோயமுத்தூருக்குப் போனானுங்க. இன்னாசின்னு ஒரு மெக்கானிக்கு, பந்தயக் காருக்கெல்லாம் வேல செய்யறவரு. கழட்டிப் பாத்துட்டு, "கிளட்சு பொசுங்கிப் போச்சுங்க. பெரிய எஞ்சின வெச்சுட்டுப் பழைய கிளட்ச வெச்சா எப்படித் தாங்கும்? அதுவுமில்லாம, யாரோ கிளட்சு மேல கால வெச்சுட்டே ஓட்டிருக்கறீங்க. யாரு ஓட்டறது?"ன்னாரு.

"நாலு பேருங்க."

"நாலு பேருல இந்தக் கிளட்ச மிதிச்சது யாரு?"

"நான் ஒருத்தன் மட்டும்தானுங்க"ன்னான் ஆறுக்குட்டி. "கால எடுத்தா என்ற பங்க வேற எவனாவது புடிச்சுக்கிட்டா?"

இன்னாசி அவன ஏற எறங்கப் பாத்தாரு. அப்பறம் மூணு கிளட்ச எடுத்து வெச்சாரு. "இது மெத்துனு புடிக்கும், தெனமும் ஓட்டறதுக்கு நல்லது. இது செம்புத் துண்டு வெச்சது, வெடுக்குனு புடிக்கும். இது ரெட்டைப் பிளேட்டு, பந்தயத்துக்கு. உங்க வண்டிக்கு மொதல்லது போதும். ஆனா மிதிக்கறவரு காலுக்கு எது தோதுன்னு பாத்துக்குங்க."

ஆறுக்குட்டி செருப்பக் கழட்டுனான். மூணையும் தரையில வெச்சு ஒவ்வொண்ணா மேல ஏறி நின்னு பாத்தான் டீச்சரு! மத்த மூணு பேரும் கையக் கட்டிட்டுச் சுத்தி நிக்கறானுங்க.

"எப்படீடா இருக்குது?"

"இந்தச் செம்பு குத்துது."

"குத்துனா வேண்டாம். பொறக்கற புள்ளைக உக்காரற காரு."

"மெத்துனு இருக்கறது?"

"சுகமாத்தான் இருக்குது. ஆனா ஒத்தக் காலுலதான் நிக்க முடியுது. ரெட்டைப் பிளேட்டுன்னா காலுக்கு ஒண்ணு."

தீர்த்தகிரி ரொம்ப யோசிச்சான். "மனுசனுக்கு ரெண்டு காலு. அந்தக் கிளட்சு செஞ்சவன் வெவரமானவன்"ன்னான். முடிஞ்சுது. இன்னாசி எவ்வளவோ சொன்னாரு, பெடலு கல்லாட்ட இருக்கும்னாரு. கேக்கல. ரெட்டைப் பிளேட்டையே மாட்டி அனுப்புனாரு. மீட்டர சைபர்ல வெச்சு, கடைசியா மூணு சொன்னாரு பாருங்க, அங்கதான் வெனை. "கிளட்சு மேல கால வெச்சுட்டே இருக்காதீங்க. ஐநூறு கிலோமீட்டரு வரைக்கும் நிறுத்தி நிறுத்தி எடுங்க. அது வரைக்கும் மேட்டுல ஏத்தாதீங்க."

கிளட்சு மேல கால வெக்கக்கூடாது. சரி. ஆறுக்குட்டி சீட்ட வுட்டு எறங்கி, கீழ மண்டி போட்டு, தலையக் குனிஞ்சு உள்ள வுட்டு, ரெண்டு கையால அமுக்கறான். பிளேட்டுக்கு ஒரு கை. வெளிய இருந்து பாத்தா அவன் முதுகு மட்டும்தான் தெரியும், மூட்டையாட்ட. ஹாரன் அடிக்கோணும்னா நாச்சிமுத்து அவன் முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுவான். அவன் கீழ இருந்தே ஒரு கையத் தூக்கி ஹாரனத் தேடுவான்.

அடுத்து, நிறுத்தி நிறுத்தி எடுக்கறது. "எங்கடா நிறுத்தறது?"ன்னான் சென்னியப்பன். "இதென்ன கேள்வி? பஸ் ஸ்டாப்புலதான்"ன்னான் தீர்த்தகிரி. அன்னையில இருந்து சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டாப்பு வுடல. நிக்கறாங்களேன்னு சனம் ஏறுது. என்ற நாத்தனா ஒரு ஆட்டோட ஏறிப் பல்லடத்துல எறங்குனா. அந்த ஆடு இருக்குதே, அது என்ற கண்ணாலத்துல... வேண்டாம், அது இந்த ஆட்டோட பாட்டியா இருக்கோணும். வெள்ளிக்கெழம வெடிஞ்சப்ப மீட்டரு நானூத்தி எழுவது.

தட்டு, பழம், தேங்கா, முறுக்கு எல்லாம் எடுத்துட்டு நானும் ஏறுனேன். ஸ்டாப்பு ஸ்டாப்பா நின்னு கரட்டுமேட்டு அடிவாரத்துக்கு வந்தப்ப மணி பத்து. மீட்டரு நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. மேல பந்தலு தெரியுது, மேளஞ் சத்தம் கேக்குது. காரு நின்னுருச்சு.

"இன்னும் அஞ்சு கிலோமீட்டரு இருக்குது. மேட்டுல ஏத்தக்கூடாது"ன்னான் சென்னியப்பன்.

"இங்கியே சுத்தி முடிச்சுரலாம்."

அங்க புளியமரத்தடியில ஒரு பஸ் ஸ்டாப்பு. அந்த மரத்தயே சுத்தறானுங்க. ஒரு சுத்துக்கு ஒருக்கா ஸ்டாப்புல நிக்கறானுங்க. சும்மா நின்னா ஸ்டாப்புல நின்ன கணக்கு ஆகாதாம், யாராச்சும் எறங்கி ஏறோணுமாம். யாரு இருக்கறா? "பெரியம்மா, எறங்கி ஏறுங்க." முறுக்குத் தூக்கோட எறங்கறேன், ஏறறேன். எறங்கறேன், ஏறறேன். எனக்கு முழங்கால் வலி டீச்சரு, அந்த வலிக்கு நான் பாக்காத வைத்தியம் இல்ல. அதச் சொன்னா இன்னொரு காப்பி போடோணும்.

மேல இருந்து ஒறம்பரைக எட்டி எட்டிப் பாக்கறாங்க. மாப்பிள்ளை காரு புளியமரத்தச் சுத்திட்டிருக்குது. மணி பத்தேகால். மீட்டரு தொண்ணூத்தேழு. அப்பப் பாத்தா, பட்டுச் சேலைய இழுத்துச் சொருகிட்டு அந்தப் புள்ள தமயந்தி தடதடன்னு மேட்டுல எறங்கி ஓடி வருது!

"ஏனுங்க! மேல வர்றீங்களா, இல்ல உடுமலைக்காரனுக்குப் போன் போடட்டுமா? பெரியம்மா, நீங்க எதுக்கு எறங்கி எறங்கி ஏறறீங்க?"

"ஸ்டாப்பாம் கண்ணு."

நாச்சிமுத்து கண்ணுல தண்ணி. "வந்துருவேனுங்க. இன்னும் மூணே கிலோமீட்டரு. ஐநூறு முடியாம மேட்டுல ஏத்தக்கூடாதுன்னு இன்னாசி சொல்லிருக்கறாரு."

அந்தப் புள்ள உள்ள எட்டிப் பாத்துச்சு. தடியப் பாத்துச்சு. மூட்டையாட்ட இருந்த முதுகப் பாத்துச்சு. மூட்டை, "வாங்கம்மிணி"ன்னுச்சு. வேற புள்ளையா இருந்தா திரும்பி ஓடிருக்கும். லாரிக்காரன் மகளாச்சே, நின்னு யோசிச்சுது.

"மேட்டுல ஏத்தக்கூடாதுன்னாரு. எறக்கத்துல நிக்கக்கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"அப்பக் காரத் திருப்புங்க. மேட்டுக்கு முதுகக் காட்டி நிறுத்துங்க. இப்ப உங்களுக்கு முன்னாடி மேடு இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்படியே ரிவர்ஸ் எடுங்க. போகப் போக உங்களுக்கு முன்னாடி என்ன இருக்கும்?"

நாலு பேரும் பேச ஆரம்பிச்சுட்டானுங்க. "காரு மூஞ்சி பள்ளத்தப் பாக்கும்." "பள்ளத்தப் பாத்தா அது எறக்கம்." "எறக்கத்துல இருக்கற காரு எப்படி மேடு ஏறும்?" "ஏறாது." "அப்ப இன்னாசி பேச்ச மீறுன மாதிரி ஆகாது." மணி பத்து இருவது.

தமயந்தி என்ற பக்கத்துல ஏறிப் பின் கண்ணாடியில மொகத்த வெச்சுட்டு, கதவத் தட்டித் தட்டிக் கத்துச்சு பாருங்க: "வரட்டும்! வரட்டும்! ரைட்டுல ஒடிங்க! வரட்டும்!" தீர்த்தகிரி தடிய அமுக்க, ஆறுக்குட்டி கைய எடுக்க, அந்தக் காரு பின்னாடியே சீறிட்டு ஏறுச்சு. தேங்கா ஒரு பக்கம் உருளுது, முறுக்கு என்ற மடியில நொறுங்குது, நான் கும்புடாத சாமி இல்ல.

மேல ராக்கியப்பன் பாக்கறாரு. காரோட பின்பக்கம் கிட்டக் கிட்ட வருது, மாப்பிள்ளை மூஞ்சி அந்தப் பக்கம் பாக்குது. பக்கத்துல இருந்தவங்கள அவரு கேட்டாரு: "ஏனப்பா, மாப்பிள்ளை வர்றாரா, போறாரா?"

பந்தலுல வந்து நின்னப்ப பத்தரைக்கு ரெண்டு நிமிசம் பாக்கி. காருலயே மேல வந்து நிக்கோணும்னு சொன்னாரு, வந்து நின்னாச்சு. அந்த மேட்டுல ரிவர்ஸ்லயே ஏறுன ஒருத்தன அவரு முப்பது வருசத்துல பாத்ததில்லியாம். தாம்பூலம் மாத்துனோம். முறுக்கு மட்டும் கரண்டியில பரிமாறுனாங்க.

சோறு தின்னுட்டு வந்து சென்னியப்பன் மீட்டரப் பாத்து அலறுனான். "கீழ தொண்ணூத்தேழு. ஒரு கிலோமீட்டரு மேல வந்திருக்கறோம். தொண்ணூத்தெட்டு ஆகோணுமல்ல? தொண்ணூத்தாறு காட்டுது!"

பழைய மீட்டருங்க அது, பின்னாடி போனா அதுவும் பின்னாடி சுத்தும். நாலு பேரும் காரச் சுத்தி உக்காந்தானுங்க.

"ஓட்டுனதத் திருப்பிக் குடுத்துட்டோம்"னான் நாச்சிமுத்து.

"அப்ப டயரு தேஞ்சதும் திரும்பிருக்கோணும்"னான் சென்னியப்பன்.

ஆறுக்குட்டி மெதுவாச் சொன்னான்: "கிளட்சு தேஞ்சதும் திரும்ப வளந்திருக்கும்."

 நாலு பேரும் ஒருத்தன ஒருத்தன் கட்டிப் புடிச்சுட்டு அழுதானுங்க டீச்சரு.

அன்னையில இருந்து போறப்ப முன்னாடி, வர்றப்பப் பின்னாடி. எவ்வளவு தூரம் போனாலும் அதே தூரம் ரிவர்ஸ்ல வந்து மீட்டர நேராக்கிட்டுத்தான் எறங்குவானுங்க. கண்ணாலம் முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சு, கிளட்சு இன்னும் ஐநூறத் தொடலியாம். புதுசாம். தமயந்திக்கும் பங்கு குடுத்துட்டாங்க, பின் கண்ணாடி அவளுது. போன மாசம் இன்னாசி இந்தப் பக்கம் வந்தாரு. அவரும் உங்களாட்டத்தான், நம்பாமச் சிரிச்சாரு. வாசல்ல நிறுத்திருந்த அவரு பைக்கு இப்ப எதுத்த வேலியோரம் கெடக்குது பாருங்க, தோசைக்கல்லாட்ட.

என்னங்க டீச்சரு, காதத் தீட்டறீங்க? கேக்குதா? "வரட்டும்... வரட்டும்... லெப்டுல ஒடிங்க..." தமயந்தி கொரலுதான். இன்னைக்குச் சந்தை நாளாச்சே, திரும்பி வர்றாங்க.

ஏ பூவாத்தா! வாசல்ல காயற மொளகாயக் கட்டிலோட உள்ள எடு தாயி, ஓடு! அப்படியே டீச்சரு ஸ்கூட்டரையும் உள்ள தள்ளு!