நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்

"இந்த அகராதி முழுக்கப் பிழை, டீச்சர்" என்றார் திருவேங்கடம்.

சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஆரணியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வுபெற்றபின், கணினியில் மொழியாராய்ச்சி செய்யும் சுலைகாவிடம் மாணவராகச் சேர்ந்தார். சுலைகா அவரைவிட இருபது வயது இளையவள். பாடமெல்லாம் போனில்தான்.

அவள் ஒரே வேலைதான் கொடுத்திருந்தாள். தொண்ணூறு வருடத்துக்கு முன் அச்சான ஓர் அகராதியைக் கணினி படிக்கும்படி ஏற்ற வேண்டும். சொல் ஒரு கட்டத்தில், பொருள் அடுத்த கட்டத்தில்.

பதினான்கு மாதமானது. முடித்ததைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, முதல்முறையாகக் காயல்பட்டினத்தில் அவள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

"எத்தனை பிழை, ஐயா?"

"நானூத்திப் பன்னெண்டு. எல்லாத்தையும் திருத்திட்டேன்."

பெருமையோடு ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு திருத்தமும் சிவப்பு மையில் இருந்தது.

சுலைகா பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"இது?"

"அதுவா? புத்தகத்துல 'ஆணம் - குழம்பு'ன்னு போட்டிருந்தான். 'ஆணம்'னு ஒரு சொல்லா? நடுவுல 'வ' விழுந்துடுச்சு. 'ஆணவம் - குழப்பம்'னு மாத்திட்டேன்."

சுலைகா நோட்டை மூடினாள்.

"அஞ்சு மணிக்கு ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பணும், இல்லையா?"

"ஆமா. அப்புறம் யாரும் அந்தப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். தொட்டாலே பொடிப்பொடியா உதிருது."

"சரி. சாப்பிட்டுட்டு வந்து அனுப்பலாம். வாங்க."

வீடு அடுத்த தெருவில்தான். சுலைகாவின் தங்கை மரியம் சோறு பரிமாறினாள். பருப்பும் முருங்கைக்காயும் போட்டு வைத்த குழம்பு மணத்தது. திருவேங்கடம் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, தான் பிடித்த பழைய பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரியம் கரண்டியோடு குனிந்தாள்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா?"

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா சொன்னே?"

"ஆணம். ஏன், உறைப்பு கூடிப்போச்சா?"

"இதுக்கா ஆணம்னு பேரு?"

"வேற என்ன பேரு? இது பருப்பாணம். நாளைக்கும் இருந்தீங்கன்னா புளியாணம்."

திருவேங்கடம் தட்டைப் பார்த்தார். பிறகு சுலைகாவைப் பார்த்தார். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தார். மரியம் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"ஊத்தும்மா" என்றார். "நிறைய ஊத்து."

கை கழுவிவிட்டு வந்து சுலைகாவின் முன் நின்றார்.

"டீச்சர், இன்னைக்கு அனுப்ப வேண்டாம். புத்தகத்துல இருக்கறதை இருக்கறபடியே திரும்ப ஏத்திடறேன். நான் நினைச்சதுக்குப் பக்கத்துல தனியா ஒரு கட்டம் போட்டுக்கறேன்."

"நாள் ஆகுமே, ஐயா?"

"ஆகட்டும்."

செருப்பை மாட்டியவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னும் நானூத்திப் பதினொண்ணு இருக்கே. அதையெல்லாம் யார்கிட்டே கேட்கிறது?"

சுலைகா சிரித்தாள்.

"எல்லாத்துக்கும் நாங்களே சோறு போட முடியுமா, ஐயா?"