பந்தாகிப் போன தம்பி

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் பனைமர உச்சியில் இறங்கி இளைப்பாறிய காலத்தில், பூவரச நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு இளவரசன் தித்தனுக்கு நான்கு வயது. ஒருநாள் அவன் உதைத்த பந்து மைதானத்தைத் தாண்டிப் போய், தவத்தில் இருந்த மந்திரவாதி உறுமாண்டியின் கமண்டலத்தைக் கவிழ்த்துவிட்டது.

"உருட்டியா விளையாடுகிறாய்? இனி நீயே உருள்!" என்றான் உறுமாண்டி. தித்தன் சிவப்புப் பந்தாகிவிட்டான்.

அவன் அக்கா வேணி அழுது கெஞ்சினாள். மந்திரவாதி தாடியைத் தடவிக்கொண்டான்.

"மைதானத்தின் அந்தக் கோடியில் இரட்டைப் பனை நிற்கிறது. காலால் மட்டுமே கொண்டுபோய், நடுவே தட்டிவிடு. கை பட்டாலோ, அதற்குள் மழை பிடித்தாலோ, இவன் என்றைக்கும் பந்துதான்."

சேனாதிபதி வந்தார். ஓங்கி உதைத்தார். பந்து பறந்தது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. மல்லன் வந்தான். ஓங்கி உதைத்தான். பந்து திரும்பி வந்தது. அவன் பெருவிரல் கத்தரிக்காய் போல வீங்கியது. மந்திரி வந்தார். யோசித்து யோசித்து உதைத்தார். செருப்பு மட்டும் பனைமரம் வரை போனது.

எல்லோரும் போனபின் வேணி குனிந்து பந்தருகே காது கொடுத்தாள்.

"வலிக்குது அக்கா."

அவள் பாதத்தால் மெல்லத் தொட்டாள். பந்து கொஞ்சம் உருண்டது, திரும்பிப் போகவில்லை. இன்னொரு தட்டு. பிறகு நின்றுவிட்டது.

"என்னடா தம்பி?"

"நீ மட்டும்தானா? அதுவும் அழுதுக்கிட்டே வர்றே. இது விளையாட்டே இல்ல."

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தித்தன் வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, முதலில் துணிப்பந்துகளைக் கொடுத்தாள். அத்தனை பேரும் ஒரே பந்தை வெல்லத்தில் எறும்பாக மொய்த்தார்கள்.

"டேய், அது என் காலுடா!"

"பந்துன்னு நெனச்சேன்!"

குதிரைக்காரர் மகள் செம்பி எல்லோரிலும் சின்னவள். எதைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பாள். பந்தையும் கட்டிப்பிடித்தாள். வேணி பிள்ளைகளின் கைகளில் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "கீழே போடாமல் மூடிக்கொள்ளுங்கள்" என்றாள். கைகளுக்கு வேலை வந்தது, கால்கள் விழித்துக்கொண்டன.

பிறகு மூன்று விளையாட்டு. பூனை நடை: பந்து தூங்குகிறது, எழுப்பாமல் தட்டிப் போக வேண்டும். சிலை: அக்கா கைதட்டினால் பந்தின்மேல் பாதம் வைத்து அசையாமல் நிற்க வேண்டும். பேர் சொல்லு: பேரைக் கூப்பிட்டு, அவரிடம் தட்டிவிட வேண்டும்.

வானம் கறுத்த ஒரு காலையில் சிவப்புப் பந்து பிள்ளைகள் நடுவே வந்தது. பூனை நடை, சிலை, பேர் சொல்லு! பூனை நடை, சிலை, பேர் சொல்லு! பந்துக்குள் தித்தன் கிளுகிளுவென்று சிரித்தான்.

பாதி மைதானம் கடந்ததும், உறுமாண்டி தாடிக்குள்ளிருந்து ஒரு பொன்னிறத் தட்டான்பூச்சியைப் பறக்கவிட்டான்.

"தட்டான்! தட்டான்!" பிள்ளைகள் பந்தை விட்டு ஓடினார்கள். புளியங்கொட்டைகள் திசைக்கொன்றாகச் சிதறின.

"கெட்டது காரியம்! இழுத்து வாருங்கள்!" என்றார், ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சேனாதிபதி.

"அதட்டாதீங்க மாமா. பயந்தா விளையாட மாட்டாங்க," என்றாள் வேணி.

அப்போது பந்து கத்தியது. "எனக்கும் தட்டான் வேணும்! என்னையும் கூட்டிட்டுப் போங்க!"

"ஐயோ, தித்தனை மறந்துட்டோம்!" பிள்ளைகள் திரும்பி ஓடிவந்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே தட்டானைத் துரத்தினார்கள். கூச்சலுக்குப் பயந்த தட்டான் இரட்டைப் பனையின் உச்சியில் போய் ஒளிந்தது. பந்து செம்பியின் காலடியில் வந்து நின்றது. எதிரே பனைகள். மேலே இடி.

செம்பியின் கைகள் காலி. இரண்டும் பந்தை நோக்கி நீண்டன. வேணி கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். திடுக்கிட்டால் பிள்ளை பந்தைத்தானே கட்டிக்கொள்ளும்!

செம்பி தன் கைகளைப் பார்த்தாள். பாவாடையை இரு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பூனை நடை. ஒரு தட்டு.

பந்து பனைகளுக்கு நடுவே உருண்டது. அந்தப் பக்கம் தித்தன் எழுந்து உட்கார்ந்தான், மூக்கில் மண்ணோடு. மழை கொட்டியது.

"இப்பக் கட்டிப்பிடிக்கலாமா?" என்றாள் செம்பி.

"ம்," என்றான் தித்தன்.

பிறகு அவன் ஓடிப்போய் மந்திரவாதியின் கமண்டலத்தில் மழைநீர் பிடித்துக் கொடுத்தான். உறுமாண்டி தாடியைத் தடவியபடி கேட்டான்: "பூனை நடை எப்படி?"

சிதறிய புளியங்கொட்டைகள் அந்த மழையில் முளைத்து, மைதானத்தைச் சுற்றி மரங்களாயின. அவர்கள் அந்த நிழலில் ஆடட்டும். நம் பந்து நம் வாசலில் தூங்குகிறது. எழுப்பாமல் தட்டுவோம், வாருங்கள்.