உப்பில்லாத விருந்து

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். மலைக்காரனுக்கு ஒரு கல் உப்பும் சமவெளி வண்டியில்தான் வந்த காலம் அது. அப்போது வேங்கைமலை என்றொரு சின்ன நாடு, சமவெளிப் பேரரசருக்கு அடங்கி இருந்தது. அதன் தலைவன் வேட்டன். அவனுடைய களஞ்சியத்தைக் காத்தவள் கொற்றி.

பேரரசர் ஆண்டுக்கு மூன்று முறை வண்டிகள் அனுப்புவார். ஒருமுறை நெல், ஒருமுறை உப்பு, ஒருமுறை துணி. கொற்றி அடிவாரக் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, அவற்றை வேங்கைப்பூ முத்திரை குத்திய சாக்குகளில் மாற்றிக் கட்டுவாள். குடிகள் தன்னையே வாழ்த்தட்டும் என்று வேட்டனின் பாட்டன் ஏற்படுத்திய வழக்கம் அது. கிழக்குச் சரிவுக்காரர்கள் நெல் மேற்கில் விளைந்தது என்பார்கள். மேற்குச் சரிவுக்காரர்கள் கிழக்கில் விளைந்தது என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாக்குகளைப் பார்த்தே வளர்ந்த வேட்டனும் எல்லாம் தன் மலையில் விளைந்தது என்றே நம்பிவிட்டான்.

ஒருநாள் சபையைக் கூட்டினான். "நம்ம மிளகு வருஷா வருஷம் கீழே போகுது. அங்கிருந்து நமக்கு என்ன வருது? களஞ்சியம் நிறைய நம்ம நெல்லே கிடக்கு. இனி நாம தனி நாடு" என்றான். கூட்டம் ஆரவாரித்தது. பேரரசருக்கு ஓலையும் எழுதியாயிற்று. மறுநாள் விருந்து முடிந்ததும் தூதன் கிளம்ப வேண்டியதுதான்.

"விருந்துல நம்ம மண்ணுல விளைஞ்சது மட்டும்தான் இருக்கணும், கொற்றி" என்று உத்தரவும் போட்டான்.

கொற்றி களஞ்சியத்துக்குப் போய்ச் சாக்குகளை எண்ணிப் பார்த்தாள். ஓலை போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அடைமழைக்குள் ஊர் பட்டினி கிடக்கும். உண்மையைச் சொன்னாலோ தலைவன் குடும்பத்துப் பெருமை சந்தி சிரிக்கும், அவள் தலையும் போகலாம். வெகுநேரம் யோசித்தாள். கடைசியில், உத்தரவை அப்படியே நிறைவேற்றுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பந்தியில் இலை போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி தினைச்சோறு, ஒரு துண்டு வள்ளிக்கிழங்கு, ஒரு கரண்டி தேன். எதிலும் உப்பில்லை.

"நெல்லுச்சோறு எங்கே? என்னை அவமானப்படுத்துறியா?" என்று கேட்டான் வேட்டன்.

"இல்லைங்க ஐயா. நம்ம மண்ணு குடுத்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் பேரரசர் வண்டியில வர்றது. சாக்கு மாத்திக் கட்டினது இந்தக் கைதான். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

வேட்டனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குனிந்து, இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான்.

"ஓலையைக் கிழிக்க வேண்டாம், களஞ்சியத்துல வை" என்றான். "இனிமே சாக்கு மாத்தாதே. யாரு குடுக்கிறாங்கன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

அந்த ஆண்டே சரிவுகளில் தினை விதைத்தார்கள், குளம் வெட்டினார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் அதே விருந்து நடந்தது. மூன்றாம் ஆண்டு இலையில் பாதி நிறைந்தது. வேட்டன் ஆசையாகக் கொற்றியைப் பார்த்தான்.

"ஓலையை எடுக்கலாமா?"

"முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க ஐயா" என்றாள் அவள்.

சாப்பிட்டான். உப்பில்லை. சிரித்துவிட்டு, மறுசோறு கேட்டான்.

தனியே நிற்க நினைப்பவர், தாம் உண்பது யார் கொடுத்தது என்பதை முதலில் தமக்குத் தாமே மறைக்காமல் அறிந்துகொள்ள வேண்டும்.