நாரையார் தமக்கே போட்ட மதிப்பெண்

நெடுங்காலர் என்ற நாரைதான் அந்தக் காட்டின் தேர்வு அதிகாரி. ஒற்றைக் காலில் நின்றபடி, தேக்கிலையில் அலகால் குத்திக் குத்தி அவர் மதிப்பெண் போடும்போது, முயல் குட்டி முதல் மான் குட்டி வரை எல்லாம் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் அவரைக் கெட்டவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. கண்டிப்பானவர், கை சுத்தமானவர். நாரைக்கு ஏது கை என்று கேட்காதீர்கள், சிறகு சுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு என்ற ஒன்று அந்தக் காட்டுக்கு வந்ததே அவரால்தான். மூன்று கோடைக்கு முன்பு வரை ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு பள்ளியில் நாள் முழுக்கப் பாட்டு, இன்னொன்றில் நாள் முழுக்கத் தூக்கம். அப்போதுதான் பெரிய தீ வந்தது. தீ என்றால் என்னவென்றே சொல்லித்தரப்படாத குட்டிகள் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டன. பதினேழு குட்டிகள் வீடு திரும்பவில்லை. புகைக்குள் பறந்து பறந்து அவற்றைத் தேடியவர் நெடுங்காலர்.

அந்தத் துக்கம் ஆறுவதற்கு முன்பே அவர் காட்டுச் சபையில் எழுந்து நின்றார். மேட்டில் பிறந்தாலும் பள்ளத்தில் பிறந்தாலும் ஒவ்வொரு குட்டிக்கும் ஐந்து விஷயங்களாவது தெரிந்திருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு என்று வாதாடினார். சபைத் தலைவி கருமலை என்ற யானை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தாள். கூடவே ஒரு விதியும் வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து முப்பத்தைந்துக்குக் கீழே எடுக்கும் பள்ளியை மூடிவிட வேண்டும்.

அப்படி இரண்டு வருடம் தவறியிருந்த ஒரே பள்ளி முள்ளிப்பள்ளம். அங்கே டீச்சர், புள்ளியம்மா என்ற கௌதாரி. மூன்றாம் வருடத் தேர்வுக்கு நெடுங்காலர் அங்கே போய் இறங்கினார். முதல் கேள்வி தீயைப் பற்றியது.

"காட்டில் புகை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவாய்?"

சரியான விடை, "கிழக்கே, ஆற்றுப் பக்கம்." பெரிய தீயில் கிழக்கே ஓடிய மிருகங்கள்தான் பிழைத்தன, அதனால் விடைத்தாளில் அதுவே இருந்தது. முன்னால் நின்ற முள்ளெலிக் குட்டியோ மூக்கை நக்கி ஈரமாக்கி, மேலே தூக்கிப் பிடித்தது.

"காத்து எங்கேருந்து வருதுங்க?" என்று கேட்டது.

கேள்வி கேட்பது தன் வேலை, பதில் சொல்வதுதான் அதன் வேலை என்றார் நாரையார். அது மறுபடி மூக்கைத் தூக்கியது. அடுத்த குட்டியும் காற்றைப் பற்றியே கேட்டது. அதற்கடுத்ததும் அதையே கேட்டது. எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மந்தியின் எச்சரிக்கைக் குரல் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு ஒன்றுக்குமே பதில் தெரியவில்லை. கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டு.

புள்ளியம்மா பணிவாகத்தான் பேசினாள். தினமும் காலையில் குட்டிகளை வெளியே கூட்டிப்போய் காற்றை முகரச் சொல்வதாகவும், ஓட வேண்டிய திசை தினம் தினம் மாறுவதாகவும் சொன்னாள். தினம் மாறும் விடைக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது, மற்றப் பள்ளிகளுக்கு அது அநியாயம் இல்லையா என்று நெடுங்காலர் கேட்டார். நியாயமான கேள்விதான். டீச்சரும் அதை ஒப்புக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்த மட்டும் மூடிடாதீங்க ஐயா. அடுத்த பள்ளிக்கூடம் மேட்டு மேல, தினமும் ஏறி எறங்கணும். இந்தக் குட்டைக் காலுங்கள வெச்சுக்கிட்டு எதுவும் போகாது. படிப்பு அத்தோட நின்னுடும்" என்றாள்.

நெடுங்காலருக்கும் மூட மனமில்லை. இருந்தாலும் விதி விதிதான். மறுநாள் சபையில் மூடல் உத்தரவு வரும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டார்.

அன்று மதியம் அவருக்கு ஆலமேட்டுப் பள்ளியில் விழா. அங்கே ஹெட்மாஸ்டர் தோகையப்பன் என்ற மயில். மூன்று வருடமும் நூற்றுக்கு நூறு. தேர்வு வந்த பிறகு வெளியே சுற்றும் நேரத்தை அவர் ஒரேயடியாக எடுத்துவிட்டார். அந்த நேரத்திலும் குட்டிகள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து விடைகளை ஒப்பித்தன. காதுக்குக் கேட்க எவ்வளவு அழகு! நாரையாருக்குப் பெருமை தாங்கவில்லை. பாராட்டுப் பேச்சு பாதியில் இருந்தபோது புகை வந்தது.

ஆற்றங்கரை மூங்கிலில் தீப்பிடித்திருந்தது. ஆறு கிழக்கே, தீயும் கிழக்கே. காற்று அங்கிருந்து ஆலமேட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

"கிழக்கே, ஆற்றுப் பக்கம்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு, நூற்றுக்கு நூறு வாங்கிய நாற்பது குட்டிகளும் தீயை நோக்கி ஓடின.

நெடுங்காலர் அவற்றின் முன்னால் பறந்து போய், நில்லுங்கள், அங்கே தீ என்று தொண்டை கிழியக் கத்தினார். முன்னால் ஓடிய மான் குட்டி புத்திசாலி. அது மற்றவற்றைப் பார்த்துச் சொன்னது, "ஐயா நம்மளச் சோதிக்கிறாரு. ஏமாந்துடாதீங்க, விடைய மாத்தாதீங்க."

அந்தக் கணத்தில் நெடுங்காலருக்குப் பெரிய தீயில் போன பதினேழு குட்டிகளும் கண்முன் வந்தன. உயரே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மேற்கே காய்ந்த புல். தெற்கே மொட்டைப் பாறை, அங்கே எரிய ஒன்றுமில்லை. கீழே இறங்கி, தேர்வு அறையில் பேசும் அதே குரலில் அறிவித்தார்.

"எல்லாரும் கவனியுங்கள். இந்த வருஷம் விடை மாறிவிட்டது. சரியான விடை தெற்கு."

நாற்பது குட்டிகளும் அந்த நொடியே தெற்கே திரும்பின. ஏன் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. உயிர் பிழைத்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் அவை கேட்காமல் திரும்பியதுதான் அவரைத் தீயைவிட அதிகமாகச் சுட்டது. இன்று நான் இங்கே இருந்தேன். இல்லாதிருந்தால்?

மூச்சிரைக்கப் பாறைக்கு வந்து சேர்ந்தால், முள்ளிப்பள்ளத்துக் குட்டிகள் முன்பே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூங்கிலுக்குப் பக்கத்துப் பள்ளம் அது, தீ முதலில் தொட்டதே அந்தப் பள்ளத்தைத்தான். புள்ளியம்மா தலைகளை எண்ணி முடித்திருந்தாள். ஒன்றும் குறையவில்லை. நாரையாரைப் பார்த்ததும் அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. ஆலமேட்டுக் குட்டிகளுக்கு இடம் விட்டு உட்காரும்படி தன் குட்டிகளிடம் சொன்னாள். என்ன மனசு பாருங்கள்.

மறுநாள் சபை கூடியது. முதலில் எழுந்தவர் தோகையப்பன். முந்தின நாள் வரை தேர்வைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர், இந்தத் தேர்வே வேண்டாம், தூக்கி எறியுங்கள் என்றார். ஆமாம் ஆமாம் என்று பாதிச் சபை கத்தியது.

புள்ளியம்மா முன்னால் வந்தாள். "தேர்வ எடுத்துடாதீங்க. மந்தி குரல் என் பசங்களுக்குத் தெரியாதுன்னு அந்தத் தேர்வுதான் எனக்குக் காட்டிக் கொடுத்துச்சு. எங்க பள்ளத்துல மந்தி கெடையாது, அதனால நான் சொல்லியே தரல. அது என் தப்பு. நாளைக்கு அதுங்க வேற காட்டுக்குப் போனா என்ன பண்ணும்?"

தன் பள்ளிக்கே உலை வைத்த தேர்வுக்காக ஒரு கௌதாரி பரிந்து பேசுகிறது!

நெடுங்காலர் ஒரு தேக்கிலையை எடுத்தார். எல்லாரும் பார்க்க அதில் வட்டமாகக் குத்தி, யானையின் காலடியில் வைத்தார்.

"தீக் கேள்விக்கு எனக்கு நானே போட்ட மதிப்பெண் இது. பூஜ்யம். பிழைக்கக் கற்றுத்தரத்தான் தேர்வு வைத்தேன். குட்டிகள் என்னைத் திருப்திப்படுத்தக் கற்றுக்கொண்டன. தப்பு குட்டிகளிடம் இல்லை" என்றார். சொல்லிவிட்டு மூடல் உத்தரவைத் தானே கிழித்தார்.

கருமலை குனிந்து அந்த இலையைப் பார்த்தாள். பிறகு தும்பிக்கையை உயர்த்தி அவருக்கு வணக்கம் வைத்தாள்.

கேள்விகள் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கட்டும், ஆனால் குட்டி நிற்கிற இடத்தில், அன்று வீசுகிற காற்றில், காரணத்தோடு விடை சொல்லட்டும் என்று சபை முடிவு செய்தது. கேள்வியைத் திருத்த நாரையாரும் கௌதாரியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆலமேட்டில் குட்டிகள் மறுபடி காலையில் வெளியே போகத் தொடங்கின. அடுத்த வருடம் முள்ளிப்பள்ளம் எழுபத்தெட்டு எடுத்தது. மந்திக் குரலில் சில குட்டிகள் இன்னும் தடுமாறின. நாரையார் அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார், புள்ளியம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகளை அளப்பதற்கு முன் தன் அளவுகோல் சரிதானா என்று அளந்து பார்க்கத் துணிகிறவரே நல்ல தேர்வாளர்.