வராத நாயகிக்கு ஆள் தேர்வு

கோணக்கரையில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது பொய். பஞ்சம் வர வேண்டுமென்றால் அந்தப் பொருள் ஒரு தடவையாவது ஊரில் விளைந்திருக்க வேண்டும்.

அந்த ஊர் ரேஷன் கடையில் எடை போடுகிறவன் குணசீலன். வயது முப்பத்திரண்டு. அரிசியை கிராம் பிசகாமல் நிறுப்பான். எதிரே ஒரு பெண் உட்கார்ந்தால் மட்டும் அவன் கை டீ கிளாஸைத் தட்டிவிடும். டேட்டிங் என்று மொபைலில் எதையோ படித்துவிட்டு மூன்று பேரை பேக்கரிக்கு அழைத்துப் பார்த்தான். முதல் பெண், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். பிறந்தபோது இருந்த எடையிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாம் வகுப்பு வருவதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள். இரண்டாவது பெண், மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். உங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஆடுகிறது, விழுந்தாலும் விழும் என்றான். மூன்றாவது பெண்ணைப் பற்றி அவனே பேசமாட்டான்.

நாலாவது, ஜெராக்ஸ் கடை மரகதம். அவனுக்கு உண்மையாகவே பிடித்தது அவளைத்தான். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் பேக்கரியில இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான். அவளையும் வரச் சொல்ல வேண்டும் என்பது தோன்றவே இல்லை. அவளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆறு மாதம் யோசித்தான்.

யோசித்து ஒன்றும் பிடிபடாமல் நாடகம் எழுதினான். கூச்சக்காரன் ஒருவன் பேக்கரியில் காத்திருக்கிறான். மூன்று காட்சிகளுக்குக் கதாநாயகி வருவதில்லை. நாலாவதில் வந்து, "மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு. டீ குடிக்கலாமா?" என்கிறாள். அந்த ஒரு வரியை மரகதத்தின் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், நடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் கடையிலேயே நாடகத்தைப் பன்னிரண்டு பிரதி எடுத்தான்.

ஊர் நாடக மன்றத்துக்குத் தலைவர் வடமலை, செயலாளர் பிச்சாண்டி. முதலில் கதாநாயகன் தேர்வு. பேசத் தெரியாதவன், கை நடுங்குபவன், எதையாவது தட்டிவிடுபவன் என்று எழுதியிருந்தது. குணசீலன் மேடை ஏறினான். பேச்சு வரவில்லை. கை நடுங்கியது. மைக்கைத் தட்டிவிட்டான்.

"இவனுக்கு நடிப்பே வரலையே" என்று வடமலை வருத்தப்பட்டார்.

அடுத்து வந்த மைக்செட் முத்தரசன் மூச்சுவிடாமல் அரை மணி நேரம் முழங்கினான். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் பேசத் தெரியாதவனாக நடித்தால் எப்படி இருக்கும் என்று வியந்து, வேஷத்தை அவனிடமே கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கதாநாயகி தேர்வு, காலை பத்து மணி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்தானது. பன்னிரண்டானது. ஒரு பெண்கூட வரவில்லை. குணசீலனுக்கு அழுகை முட்டியது. வடமலைக்கோ தலைகால் புரியவில்லை. மூன்று காட்சிக்கு வராமல் இருக்க வேண்டிய வேஷம். ஊரே அதில் தேறியிருக்கிறது. இவ்வளவு திறமைசாலிகளில் ஒருத்தியை எப்படிப் பொறுக்குவது?

"போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் நல்லா வரலைங்க" என்றார் பிச்சாண்டி.

"அந்தம்மா ஊர்லயே இல்லையே. அது சேராது. நோட்டீஸைப் பார்த்திருக்கணும், பக்கத்துலயே இருக்கணும், அப்புறம் வராம இருக்கணும். அதுதான்யா நடிப்பு."

எதிரே ஜெராக்ஸ் கடை. நோட்டீஸைப் பிரதி எடுத்ததே மரகதம்தான். காலையிலிருந்து இரண்டு தடவை மன்றத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியை விட்டு அசையவில்லை. ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்றும் முடிவானது. சொன்னால் வந்துவிடுவாள்.

"கடைசிக் காட்சியில வரணுமே, ஐயா" என்றான் குணசீலன்.

"மூணு காட்சி அருமையா பண்றவ நாலாவதுல வந்து கெடுத்துக்கணுமா, தம்பி?" என்று கேட்டு, வடமலை கடைசிக் காட்சியைப் பேனாவால் அடித்தார். அவன் கேட்கக் காத்திருந்த வரியும் அதோடு போயிற்று.

நாடகத்தன்று மாலை ஆறு மணிக்குத் திரை தூக்கினால் கதாநாயகனைக் காணோம். கதாநாயகன் பேக்கரியில் காத்திருக்கிறான் என்று கதையில் எழுதியிருந்ததால், முத்தரசன் மேக்கப்போடு நேராக பேக்கரிக்கே போய் உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் குணசீலனைப் பிடித்து மேடையில் தள்ளினார்கள். எதிரே காலி நாற்காலி. அவன் கை நடுங்கி கிளாஸைத் தட்டிவிட்டது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் மரகதமும் சிரித்தாள்.

பிச்சாண்டி அவளைப் பார்த்துவிட்டார். குனிந்தபடி ஓடிப் போய், நாடகமே நீங்கள் வராததைப் பற்றித்தான், தயவுசெய்து வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினார். மரகதம் எழுந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, மேடை ஏறினாள்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க இருப்பேன்னுதானே சொன்னீங்க? என்னை வான்னு சொன்னீங்களா?"

குணசீலனுக்கு ஆறு மாதக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. அவள் பன்னிரண்டு பிரதி எடுத்தவள், வரி மனப்பாடம். "மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு. டீ குடிக்கலாமா?" என்றாள்.

அவன் வடமலை பக்கம் திரும்பினான். "ஐயா, இந்தக் காட்சியை அடிச்சுட்டீங்களே. இப்ப நான் என்ன பதில் சொல்லணும்?"

மேடையிலேயே செயற்குழு கூடியது. வராமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் மரகதம். இவள் வந்துவிட்டாள். ஆகவே இவள் மரகதம் இல்லை. சரிபார்க்க ஜெராக்ஸ் கடைக்கு ஆள் போனது. கடை பூட்டியிருக்கிறது, மரகதம் அங்கேயும் வரவில்லை என்று செய்தி வந்தது.

"அங்கேயும் வரலையா?" வடமலைக்குக் கண் கலங்கியது. "என்ன ஒரு நடிகைய்யா." சிறந்த நடிகைக்கான பொன்னாடையைக் காலி நாற்காலிக்குப் போர்த்தினார்கள்.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டு, குணசீலனின் கையைப் பிடித்து பேக்கரிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரே ஒரு மேஜைதான் காலி. காலி என்றால் முக்கால்வாசி. அதில் முத்தரசன் இன்னும் மேக்கப்போடு காத்திருந்தான். மரகதம் எதிர் நாற்காலியை இழுத்தாள்.

"அது மரகதத்துக்கு வச்சிருக்குங்க" என்றான் முத்தரசன்.

அவள் குணசீலனைப் பார்த்தாள். இவள் மரகதம் இல்லை என்பது செயற்குழு தீர்மானம் போட்டுச் சொன்ன விஷயம்.

"அவர் சொல்றது நியாயம்தாங்க" என்றான் பணிவாக. "நீங்க நின்னுக்கிட்டே குடிங்க. மரகதம் இப்ப வந்துடுவாங்க."