செருப்பு பார்த்த திசை

கொன்யா நகரத்துச் சூஃபி மடம் ஒன்றில், புதிதாகச் சேர்பவனுக்கு முதல் பாடம் அடுப்படியில்தான். அந்த அடுப்படிக்குத் தலைவர் ஹுலூசி தெதே. அங்கே குருமார்களை ‘தெதே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் சீடனாக வந்த செலாமி அந்தெப் ஊர்க்காரன். அந்த ஊர்க்காரர்களுக்கு மிளகாய் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. கொன்யாவிலோ தயிர், கோதுமை, ஆட்டுக்கறி. எல்லாம் பரம சாதுவான சமையல்.

“தெதே, இந்த ஊர்ச் சாப்பாட்டில் ஏன் உறைப்பே இல்லை?” என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

“கருங்கடல்காரன் நெத்திலி இல்லையே என்கிறான். மேற்குக் கடற்கரைக்காரன் ஆலிவ் எண்ணெய் போதவில்லை என்கிறான். நீ மிளகாய் என்கிறாய்” என்றார் தெதே. “இங்கே பந்தி ஒன்று. வயிறு பல.”

செலாமிக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. பாவம், ருசி அறியாத ஜனங்கள், நாமாவது காட்டுவோம் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த் தூளை மறுநாள் தயிர்க் கஞ்சியில் ஒரு கை அள்ளிப் போட்டான்.

பந்தியே இருமியது. வயிற்றுப்புண்காரரான நஸுஹி என்ற பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அன்று முழுக்க அவர் பட்டினி.

தெதே ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் செலாமிக்குப் பயமாக இருந்தது.

அந்த மடத்தில் யாரையும் வாய்திறந்து ‘போ’ என்று சொல்வதில்லை. வேண்டாதவனின் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள். அவன் அதை மாட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். மறுபடி உள்ளே கால் வைக்கக் கூடாது.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தான் செலாமி. அவன் செருப்பு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த மடத்துக்காக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் அவன். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, அழுதுகொண்டே கடைத்தெரு வரை நடந்தான். எதிரே ஒரு பால்காரர் வந்தார். பார்த்ததும் செலாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுப்பில் பால்! பெரியவருக்காக அரிசியைப் பாலில் வேகப் போட்டிருந்தான்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தவனை, அடுப்படி வாசலில் தெதே மறித்தார்.

“உள்ளே வரக் கூடாது, தெரியுமல்லவா?”

“தெரியும் தெதே. பால் அடிப்பிடித்துவிடும்.”

“பிடித்தால் உனக்கென்ன? நீதான் போய்விட்டாயே.”

“பெரியவர் இன்றைக்கும் பட்டினி கிடப்பாரே!”

தெதே விலகி நின்றார். செலாமி விறகை இழுத்துவிட்டு, கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினான். நல்ல வேளை, அடிப்பிடிக்கவில்லை. அப்பாடா என்று அவனுக்கு மூச்சு வந்தது.

தெதே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார்.

“மிளகாய் போடவில்லையா?”

“அவர் வயிறு தாங்காது, தெதே.”

பால் கெட்டியாகும் வரை கிளறி இறக்கிவிட்டு, செலாமி கையைத் துடைத்துக்கொண்டான்.

“நான் கிளம்புகிறேன்.”

“எங்கே?”

“செருப்புதான் தெருவைப் பார்க்கிறதே.”

“போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்.”

செலாமி வாசலுக்குப் போனான். ஓடிவந்த வேகத்தில் உதறிய செருப்பு ஒன்று முன்னே, ஒன்று பின்னே கிடந்தது. ஆனால் இரண்டும் மடத்தின் உள்ளே பார்த்துக் கிடந்தன.

மறுபடி அடுப்படிக்கு வந்தான். “உள்ளே பார்க்கிறது, தெதே” என்றான். சிரிப்பு வந்தது.

“நான் தொடவே இல்லையப்பா” என்றார் தெதே. “கிண்ணத்தை எடு. பெரியவருக்குப் பசிக்கும்.”