உடையும், உடைகிறது

முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறவரே, உம்மைத்தான்! பேர் சொல்லமாட்டேன். ஊர் மதகின் பலகையை 'மாற்றுவேன், மாற்றுவேன்' என்று சொல்லியே மூன்று மழையை ஓட்டிவிட்டீர். எழுந்திருக்காதீர். கதையைக் கேட்டுவிட்டுப் போம். மற்றவர்களும் கேளுங்கள்.

நெடுங்கரை நாட்டை ஆண்ட ஒரு ராஜாவுக்குச் சோற்றைவிட இலக்கணம் ருசி. ஒருமை பன்மை பிசகி யாராவது வணக்கம் சொன்னால் திருப்பிக் கும்பிடமாட்டார். ஓர் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, பாட்டுப் போட்டி வைத்தார். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், மூன்றில் எது உயர்ந்தது? வென்றவர்க்கு முத்துமாலையும் அவைப்புலவர் பதவியும். பாடாமல் மேடையை விட்டு இறங்கினால் தோல்வி.

முதல் புலவர் இறந்தகாலத்தைப் பாடினார். பாதிப் பாட்டில் ஒருவன் ஓடிவந்தான்.

"ராஜா! ஏரிக்கரை உடையும்!"

"யாரடா இந்த மடையன்?" என்றார் நடுவராயிருந்த தலைமைப் புலவர்.

"மடையன்தான் சாமி! மடை திறந்து மூடுகிற மடையன். கரை உடையும்!"

"உடையும் என்பது எதிர்காலம். அந்தப் பாட்டு கடைசியில்தான். அப்போது வா."

இரண்டாம் புலவர் நிகழ்காலத்தைப் பாடினார். மடையன் மறுபடி வந்தான். இடுப்புவரை சேறு.

"ராஜா, உடைகிறது!"

"ஆகா, நிகழ்காலம்! பாட்டுக்கேற்ற உதாரணம்!" ராஜா கைதட்டினார். சபை சிரித்தது.

மூன்றாவதாக எழுந்தவள் குவளை. உப்பு விற்கிறவர் மகள். வண்டிக்குப் பின்னால் நடந்தே யாப்புப் படித்தவள். அந்தப் பதவிக்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். பாட வாயெடுத்தாள். மடையனின் முகத்தைப் பார்த்தாள். பாட்டை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னும் ஒரு காலம்தான் பாக்கி. 'உடைந்தது' என்று சொல்ல நீ வந்தால், கேட்க இங்கே ஆள் இருக்காது!"

மேடையிலிருந்து குதித்தாள்.

"இறங்கினால் தோற்பாய்!" என்று கத்தினார் தலைமைப் புலவர்.

"தோற்றேன்!" என்றாள், ஓடிக்கொண்டே.

அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. "மேடையைப் பிரியுங்கள்!" என்று அலறினார். கரையை அடைக்கப் பலகை போனது, பந்தல்கால் போனது, வாசலில் கட்டிய வாழைமரமும் போனது. புலவர்கள் மண் சுமந்தார்கள். பொழுது சாய்வதற்குள் உடைப்பு நின்றது.

முழங்கால் சேற்றில் நின்றபடி ராஜா கேட்டார்: "நீ பாடவே இல்லையே அம்மா. மூன்றில் எது உயர்ந்தது?"

"அடைத்தோம்," என்றாள் குவளை.

ஒரே சொல். அதில் வேலை இருந்தது, அது முடிந்த காலம் இருந்தது, கடைசியில் ஒட்டிய 'ஓம்' விகுதிக்குள் ராஜாவும் மடையனும் தோளோடு தோளாக நின்றார்கள். 'பாடாமல் இறங்கினவள்' என்று சொல்ல வந்த தலைமைப் புலவர், தம் கைச்சேற்றைப் பார்த்துவிட்டு, முத்துமாலையை எடுத்து நீட்டினார். மாலை அவள் கழுத்துக்குப் போனது, பதவியும் அவளுக்கே.

செய்வேன் என்று நூறு பாட்டுப் பாடுவதைவிட, செய்தேன் என்ற ஒரு சொல்லே பெரிது.

கேட்டீரா, வெற்றிலைக்காரரே? வானம் கறுத்துவிட்டது. என்னிடம் பேரம் பேசாதீர். உம்முடைய எதிர்காலத்தை நான் சல்லிக்கும் வாங்கமாட்டேன். எழுந்திரும். பலகையை மாற்றிவிட்டு, 'மாற்றினேன்' என்று வந்து சொல்லும்!